திரையில் தெரியும் நாக்கு: டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளும் பேச்சுச் சிகிச்சையும்

வாசகர் கேள்வி, 9 செப்டம்பர் 2023

என் மகளுக்கு ஐந்து வயது, டவுன் சிண்ட்ரோம் உள்ளது. நிறையப் பேசுகிறாள், ஆனால் வீட்டாரைத் தவிர வேறு யாருக்கும் புரிவதில்லை. நாக்கு வாய்க்குள் எங்கே படுகிறது என்பதைக் கணினித் திரையில் காட்டிப் பயிற்சி கொடுக்கும் கருவி வெளிநாடுகளில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். செல்பேசியில் ஒலிக்கு ஏற்றபடி பலூன் பெரிதாகும் செயலிகள் எங்களிடம் உள்ளன. அவற்றுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

11 செப்டம்பர் 2023

நாங்கள் ஸ்காட்லாந்தில் வசிக்கிறோம். என் மகனுக்கு ஒன்பது வயது, அவனுக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ளது. நீங்கள் கேள்விப்பட்ட கருவியோடு அவன் இந்த ஆண்டின் முற்பகுதியில் மூன்று மாதம் பயிற்சி பெற்றான். அதன் பெயர் எலக்ட்ரோபாலடோகிராஃபி, சுருக்கமாக ஈ.பி.ஜி. குழந்தையின் மேல்வாயை அச்செடுத்து, அதற்குப் பொருந்தும்படி மெல்லிய அக்ரிலிக் தகடு ஒன்றைச் செய்கிறார்கள். அதில் 62 சிறு மின்முனைகள் வரிசைக்கு எட்டாக எட்டு வரிசைகளில் பதிக்கப்பட்டிருக்கும். நாக்கு எந்த முனையில் படுகிறதோ அந்தக் கட்டம் திரையில் நிரம்பும். திரையின் மேற்பகுதி முன்பற்களின் பக்கம், கீழ்ப்பகுதி தொண்டையின் பக்கம். நாக்கு நகர நகரப் படமும் உடனுக்குடன் மாறும்.

பலூன் செயலிகள் ஒலிவாங்கியில் விழும் சத்தத்தை மட்டுமே அளக்கின்றன. ஐ.பி.எம். நிறுவனம் 1980களின் இறுதியில் கொண்டுவந்த ஸ்பீச்வியூவர் என்ற மென்பொருளும் குரலின் உரப்பையும் சுருதியையும் படமாக்கிக் காட்டியது. குரலை எழுப்பவும் மூச்சை நீட்டவும் தயங்கும் குழந்தைக்கு அவை நல்ல துணை. ஆனால் ‘க’ சொல்ல வேண்டிய இடத்தில் ‘த’ சொல்லும் குழந்தைக்கு அந்தப் பலூன் எதையும் சொல்லித் தராது. இரண்டு எழுத்துக்கும் அது ஒரே அளவுதான் பெரிதாகும்.

12 செப்டம்பர் 2023

நேற்று எழுதியதில் ஒரு பிழை உள்ளது. வரிசைக்கு எட்டு, எட்டு வரிசை என்றால் 64 வரவேண்டுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் சொல்வதே சரி. பற்களை ஒட்டிய முதல் வரிசையில் ஆறு முனைகளும் மற்ற ஏழு வரிசைகளில் எட்டெட்டு முனைகளும் இருப்பதால்தான் 62 ஆகிறது. அண்ணம், அதாவது மேல்வாய், முன்னால் குறுகலாக இருப்பதே இதற்குக் காரணம்.

17 செப்டம்பர் 2023

எங்கள் வீட்டுச் சிக்கல் ‘க’வில் இருந்தது. சன்னலுக்கு வெளியே வந்து உட்காரும் காக்காவைக் காட்டி அவன் ‘தாத்தா’ என்பான். மதுரையில் இருக்கும் என் அப்பா தொலைபேசியில் அதைக் கேட்டு, தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று எண்ணி ஒவ்வொரு முறையும் ‘என்னப்பா’ என்பார். கண்ணாடி தண்ணாடி ஆனது, கதவு ததவு ஆனது. பள்ளியில் ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘கீ’ என்று சாவியைக் கேட்டால் ‘டீ’ என்று கேட்டது.

என்னை அதிகம் குழப்பியது வேறு ஒன்று. பத்து முறைக்கு ஒருமுறை ‘காக்கா’ என்று மிகத் தெளிவாகச் சொல்வான். அப்படிச் சொல்லிவிட்டு மறுநாள் ‘தாத்தா’ என்றால் எனக்குக் கோபம் வரும். ‘நேற்றுச் சொன்னாயே, இன்று ஏன் சொல்லவில்லை?’ என்று எத்தனை முறை அவனிடம் கேட்டிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது. அவனால் முடியும், கவனம்தான் இல்லை என்று நான் உறுதியாக நம்பினேன்.

தகடு பொருத்திய முதல் நாளில், பயிற்சி தொடங்கும் முன்பு, அவனை வழக்கம்போலப் பேசவிட்டுப் பதிவு செய்தார்கள். ‘த’வுக்கும் ‘க’வுக்கும் திரையில் ஏறக்குறைய ஒரே படம் வந்தது. கட்டங்கள் மேலிருந்து கீழ்வரை நிரம்பி நின்றன. அவன் நுனிநாக்கையோ அடிநாக்கையோ தனியாகத் தூக்கவில்லை, நாக்கு முழுவதையும் ஒரே தட்டாக அண்ணத்தில் ஒட்டவைத்தான். சிகிச்சையாளர் அந்தப் பதிவை மெதுவாக ஓட்டிக் காட்டினார். ஒட்டிய நாக்கு பிரியும்போது முன்பக்கம் கடைசியில் விலகினால் நம் காதில் ‘த’ விழுகிறது, பின்பக்கம் கடைசியில் விலகினால் ‘க’ விழுகிறது. ஆகவே பத்தில் ஒன்றாக வந்த அந்தத் தெளிவான ‘காக்கா’ அவன் கற்றுக்கொண்டது அல்ல. நாக்கு அன்று பிரிந்த விதத்தில் தற்செயலாக வந்தது.

நான் அவனிடம் கேட்டு வந்த கேள்விக்கு அவனிடம் விடை இருந்திருக்க வழியே இல்லை.

18 செப்டம்பர் 2023

நேற்று இரவு எழுதியதை இன்று மீண்டும் படித்தேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். நாக்கின் பகுதிகள் தனித்தனியாக இயங்காமல் ஒன்றாக எழும் இந்தப் போக்கை ஃபியோனா கிப்பன் என்ற ஆய்வாளர் 1999ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். அது டவுன் சிண்ட்ரோமுக்கு மட்டும் உரியது அல்ல, பேச்சு ஒலிக் கோளாறு உள்ள பிற குழந்தைகளிடமும் காணப்படுவது. 2003ஆம் ஆண்டில் அவரும் உடன் ஆய்வாளர்களும், டவுன் சிண்ட்ரோம் உள்ள பத்து வயதுக் குழந்தை ஒன்று ‘க’ ஒலிகளை முன்னுக்குத் தள்ளிச் சொல்வதற்கு ஈ.பி.ஜி. வழியாகச் சிகிச்சை பெற்றபோது நாக்குப் படும் இடம் எப்படி மாறியது என்று விவரித்தார்கள். அதைச் சிகிச்சையாளர் எனக்கு விளக்கிச் சொன்னபோது என் மகனைப் பற்றி யாரோ முன்கூட்டியே எழுதிவைத்தது போல இருந்தது.

24 செப்டம்பர் 2023

கேள்வி கேட்ட சகோதரி, கண்ணால் பார்ப்பது காதால் கேட்பதைவிட இந்தக் குழந்தைகளுக்கு ஏன் உதவ வேண்டும் என்று தனியாகக் கேட்டிருந்தார். நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்குக் காதில் கேட்டதைச் சில நொடிகள் மனத்தில் பிடித்து வைத்திருக்கும் நினைவு வலுக்குறைவானது. கண்ணால் பார்த்த இடத்தையும் வடிவத்தையும் பிடித்து வைக்கும் நினைவு ஒப்பளவில் நன்றாக இருக்கிறது. ‘நான் சொல்வதைக் கேள், அதேபோலச் சொல்’ என்ற வழக்கமான பயிற்சி முழுவதும் முதல் வகை நினைவின் மேல் பாரத்தை ஏற்றுகிறது. அதோடு நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் ஏறி இறங்குவதும் இவர்களிடம் மிகுதி. மங்கலாகக் கேட்டதை அரைகுறையாக நினைவில் வைத்து, தன் வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் உறுப்பை நகர்த்திச் சரிசெய் என்று சொல்கிறோம். எவ்வளவு பெரிய வேலையை எவ்வளவு சிறிய பிள்ளையிடம் கேட்கிறோம் என்று பாருங்கள்.

‘ப’, ‘ம’ போன்ற இதழொலிகளுக்கு முகம்பார்க்கும் கண்ணாடியே போதும், உதடு மூடுவது அதில் தெரியும். ‘க’ எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. நம் இலக்கணத்தின் பிறப்பியல் முதல்நா, இடைநா, நுனிநா என்று நாக்கை மூன்றாகப் பிரித்து, எந்தப் பகுதி அண்ணத்தைத் தொட்டால் எந்த எழுத்து பிறக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு அது வெறும் வரி. மகனின் நாக்கு திரையில் நிரம்பி நின்ற அன்றுதான் அந்தப் பிரிவு எதற்கு என்று எனக்கு விளங்கியது. அவனுக்கு முதல்நாவும் நுனிநாவும் பிரியாமல் இருந்தன.

25 செப்டம்பர் 2023

நாக்கு பெரிதாக இருப்பதுதானே காரணம் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்தக் குழந்தைகளின் நாக்கு உண்மையில் அளவில் பெரிது அல்ல, முகத்தின் நடு எலும்புகளும் வாய்க்குழியும் சிறிதாக இருப்பதால் அந்த இடத்துக்கு நாக்கு பெரிதாகத் தோன்றுகிறது என்று காந்த அதிர்வுப் படங்களை (எம்.ஆர்.ஐ.) கொண்ட ஆய்வு காட்டியிருக்கிறது. அண்ணம் குறுகியும் உயர்ந்தும் இருக்கலாம். தசைத் தளர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. இவற்றில் எதையும் தகடு மாற்றாது. இருக்கிற வாயில் இருக்கிற நாக்கை எங்கே வைப்பது என்பதை மட்டுமே அது காட்டும்.

8 அக்டோபர் 2023

தகடு பற்றி நடைமுறையில் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதுகிறேன், ஏனெனில் எங்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

முதல் தடை அச்செடுப்பது. குளிர்ந்த பசையை வாயில் வைத்து அது இறுகும்வரை அசையாமல் இருக்கவேண்டும். முதல் முறை அவன் ஓங்கரித்துத் தள்ளிவிட்டான். நாங்கள் வீட்டுக்குத் திரும்பி, மூன்று வாரம் தினமும் பல் துலக்கிய பிறகு ஒரு சிறு கரண்டியின் பின்புறத்தால் மேல்வாயைத் தொட்டு, பத்துவரை எண்ணிப் பழக்கினோம். இரண்டாம் முறை மருத்துவர் அவனை நிமிர்ந்து உட்காரவைத்து, மூக்கால் மூச்சு விடச் சொல்லி, தானும் சேர்ந்து எண்ணினார். எடுத்துவிட்டார்கள்.

அடுத்து, மின்முனை இல்லாத பழகுதகடு ஒன்று தந்தார்கள். அதை முதலில் ஐந்து நிமிடம், பிறகு அரைமணி என்று அணிந்து பேசிப் பழகவேண்டும். எச்சில் ஊறும், பேச்சு சில நாள் இன்னும் மோசமாகக் கேட்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். உண்மையான தகட்டில் இரண்டு பக்கமும் மெல்லிய கம்பிக் கொத்து வாயோரமாக வெளியே வந்து சிறிய பெட்டியில் சேரும். மின்சுற்று முடிய வேண்டும் என்பதற்காகக் குழந்தை கையில் ஓர் உலோகத் துண்டைப் பிடித்துக்கொள்ளும். செல்லும் மின்னோட்டம் உணர முடியாத அளவு சிறியது. என் மகன் அந்தக் கம்பிகளுக்கு ‘மீசை’ என்று பெயர் வைத்து, அதன்பிறகு எதிர்ப்பே காட்டவில்லை.

மூன்றாவது, பற்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுவரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் காலம். தகடு பல்லைக் கவ்விக்கொண்டு நிற்பது. கவ்விய பல் விழுந்தால் தகடு நிற்காது. எங்களுக்கு எட்டாவது வாரத்தில் ஒரு கடைவாய்ப்பல் ஆடத் தொடங்கியபோது நான் அடைந்த பதற்றத்தை விவரிக்க முடியாது. நல்ல வேளையாகப் பயிற்சி முடியும்வரை அது தாங்கியது. ஒவ்வொரு தகடும் ஒரே ஒரு வாய்க்கென்று கையால் செய்யப்படுவது. எனவே பல் மருத்துவரிடம் அடுத்த ஆறு மாதத்தில் எந்தப் பற்கள் விழக்கூடும் என்று கேட்டுவிட்டு அச்சுக் கொடுங்கள்.

15 அக்டோபர் 2023

இதற்கு ஆதாரம் உண்டா, அல்லது உங்கள் ஒரு பிள்ளையின் கதைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கவேண்டிய கேள்வி.

எடின்பரோவை அடுத்துள்ள குவீன் மார்கரெட் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக இதில் ஆய்வு செய்திருக்கிறது. சாரா வுட், ஜோன் கிளீலண்ட், கிளேர் டிம்மின்ஸ், ஜெனிஃபர் விஷார்ட், வில்லியம் ஹார்ட்கேசில் ஆகியோர் அந்தக் குழுவினர். அவர்கள் 2019இல் வெளியிட்ட சோதனையில் பங்கேற்றவர்கள் 27 குழந்தைகள், ஏறக்குறைய ஆறிலிருந்து பத்து வயது வரை உள்ளவர்கள். அவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு 12 வாரங்களில் 24 அமர்வுகள் ஈ.பி.ஜி. சிகிச்சை பெற்றது. இன்னொரு குழு அதே அளவு வழக்கமான சிகிச்சை பெற்றது. மூன்றாவது குழுவுக்குக் கூடுதல் சிகிச்சை தரப்படவில்லை. சிகிச்சை பெற்ற இரண்டு குழுக்களும் முன்னேறின. சிகிச்சை முடிந்து மாதங்கள் கழிந்த பிறகும் முன்னேற்றம் தொடர்ந்தது திரையைப் பார்த்துப் பயின்ற குழுவில்தான்.

இதை நான் இரண்டு விதமாகப் படிக்கிறேன். முதலாவது, வாரத்துக்கு இருமுறை ஒரு நல்ல சிகிச்சையாளர் தனியாக உட்கார்ந்து பயிற்சி கொடுத்தால், கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் குழந்தைகள் முன்னேறுவார்கள். இங்கேகூடப் பள்ளி வயதுக் குழந்தைக்கு அவ்வளவு நேரம் கிடைப்பது அரிது. கருவி இல்லையே என்று ஏங்குவதற்கு முன்னால் அந்த நேரத்தைக் கேட்டுப் போராட வேண்டும். இரண்டாவது, காதால் மட்டும் கற்றது கரைந்துபோகும் இடத்தில் கண்ணால் கற்றது நின்றிருக்கிறது. 27 பேரை மூன்றாகப் பிரித்தால் குழுவுக்கு எத்தனை பேர் என்பதை நீங்களே கணக்கிடலாம். எனவே இதை முடிந்த முடிவாக நான் சொல்லமாட்டேன்.

அண்ணப்பிளவு உள்ளவர்களுக்கு ஈ.பி.ஜி. பயன்படுகிறதா என்று 2009இல் காக்ரேன் (சிகிச்சை ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பாய்வு ஒன்று தேடியபோது, அதன் தரத்துக்கு ஏற்ற ஒரே ஒரு சோதனைதான் கிடைத்தது. இந்தத் துறையில் ஆதாரம் மெதுவாகத்தான் சேர்கிறது. தகடு தனித்தனியாகச் செய்ய வேண்டியிருப்பதும், குழந்தைகளை ஒன்றுசேர்ப்பது கடினமாக இருப்பதும் அதற்குக் காரணங்கள் என்று நினைக்கிறேன்.

16 அக்டோபர் 2023

ஒரு சிறு சேர்க்கை. இதே எடின்பரோக் குழு 2010இல் ஒன்பது முதல் 18 வயதுவரை உள்ள 15 பேரை ஆராய்ந்து, அவர்களின் பேச்சுப் பிழைகள் வெறும் தாமதத்தால் வருபவை அல்ல என்றும், அறிவுத்திறன் மதிப்பெண்ணை வைத்து அவற்றை விளக்க முடியவில்லை என்றும் எழுதியது. ‘அவனுடைய அறிவு வளர்ச்சிக்கு ஏற்ற பேச்சு இது, இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்’ என்று என் மகன் ஐந்து வயதாக இருந்தபோது ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த வாக்கியத்தை நம்பி இரண்டு ஆண்டுகள் நான் எதையும் கேட்காமல் இருந்தேன். உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால், அது நிறுவப்பட்ட செய்தி அல்ல என்று தயங்காமல் பதில் சொல்லுங்கள்.

29 அக்டோபர் 2023

‘காக்கா’வில் தொடங்கினீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன், சிகிச்சையாளர் மறுத்துவிட்டார். தகடு வன்மையான அண்ணத்தோடு முடிந்துவிடுகிறது. ‘கா’ சொல்லும்போது அடிநாக்கு தொடுவது அதற்கும் பின்னால் உள்ள மென்மையான பகுதி. ஆகவே சரியாகச் சொன்னாலும் திரையில் ஒன்றிரண்டு கட்டங்களே நிரம்பும், சில நேரம் ஒன்றுகூட நிரம்பாது. குழந்தை சரியாகச் செய்தும் பரிசு கிடைக்காமல் நிற்கும். ‘கீ’, ‘கி’ சொல்லும்போது உயிரொலி நாக்கை முன்னுக்கு இழுப்பதால் கடைசி வரிசைகள் முழுவதும் நிரம்பும். அதனால் ஆங்கிலத்தில் ‘கீ’யும், வீட்டுக்குக் கிளியும் கீரையும் கிண்ணமும் எங்கள் முதல் சொற்களாயின. காக்காவுக்கு ஐந்தாவது வாரத்தில்தான் வந்தோம்.

வரிசையும் முக்கியம். முதலில் சிகிச்சையாளர் தன் தகட்டை அணிந்து காட்டினார், மகன் பார்த்தான். அடுத்து ஒலியே இல்லாமல் கீழ்வரிசையை மட்டும் நிரப்பச் சொன்னார். நாக்கு முழுவதும் ஒட்டினால் மேல்வரிசைகளும் நிரம்பிவிடும், அது கூடாது. இது அவனுக்கு ஒரு விளையாட்டாக இருந்தது, ஆனாலும் இரண்டு வாரம் பிடித்தது. ‘மேலே காலியாக, கீழே நிறைய’ என்ற அந்த வாசகத்தை நான் வீட்டில் எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் மேல்பகுதி வெறுமையாக, கீழ்வரிசை மட்டும் நிரம்பி நின்றது. அவன் திரையைத் தொட்டுவிட்டு, பிறகு தன் கன்னத்தைத் தொட்டான். அந்தப் படம் தன் வாய்க்குள் இருப்பது என்பது அந்த நொடியில் அவனுக்கு விளங்கியது என்று நான் நம்புகிறேன். அதற்குப் பிறகுதான் குரல் சேர்ந்தது, சொல் சேர்ந்தது, வாக்கியம் சேர்ந்தது.

வீட்டுக்கு ஒரு சிறிய பயிற்சிப் பெட்டியும் கிடைத்தது. கணினி வேண்டாம், கட்டங்களுக்குப் பதில் சிறு விளக்குகள் எரியும். நாளுக்குப் பத்து நிமிடம், இரவு உணவுக்கு முன்பு.

12 நவம்பர் 2023

தமிழ் ஒலிகளைப் பற்றி மூவர் கேட்டுவிட்டீர்கள். இதில் என் அனுபவம் குறைவு, எங்கள் சிகிச்சை ஆங்கில ஒலிகளை மையமாக வைத்தே நடந்தது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனித்தேன். ஆங்கிலத்தில் ‘டீ’யின் முதல் ஒலி பல்லுக்குச் சற்றுப் பின்னால் பிறந்து, திரையில் குதிரை லாடம் போன்ற வடிவத்தைத் தருகிறது. நம் ‘த’ பல்லையே தொடுகிறது, தகடோ பல்லுக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. நம் ‘ட’ நுனிநாவை மடித்து இன்னும் பின்னால் தொடுவது. ஆகவே ஆங்கிலக் குழந்தையின் படத்தை மாதிரியாக வைத்துத் தமிழ்க் குழந்தைக்குக் கற்பித்தால் ‘த’வும் ‘ட’வும் இரண்டுமே தவறாகிவிடும். தமிழ் பேசும் பெரியவர் ஒருவரின் தகட்டுப் பதிவுதான் மாதிரியாக இருக்கவேண்டும்.

அதற்கு அருகில் வரும் ஆய்வு ஒன்று உண்டு. ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பர்ட், அபிகேல் கான் ஆகியோர் 1999இல் தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஒலிகளைக் காந்த அதிர்வுப் படம், நாக்கு அண்ணத்தில் பட்ட இடத்தைப் பதியும் நிலையான அண்ணப் பதிவு முதலிய முறைகளால் ஆராய்ந்தார்கள். அது ஒலியியல் ஆய்வு, சிகிச்சைக்காகச் செய்யப்பட்டது அல்ல. மின்முனைத் தகடும் அதில் இல்லை. ஆனால் தமிழ் ஒலிகளுக்கு நாக்கு எங்கே படுகிறது என்பதை ஏற்கெனவே பதிந்து பார்த்திருக்கிறார்கள். தமிழ் தெரிந்த சிகிச்சையாளர்கள் யாராவது இதைப் படித்தால், பெரியவர்களின் பதிவிலிருந்து குழந்தைகளுக்கான மாதிரிப் படங்களைச் செய்ய முன்வரவேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

இன்னொன்று. தமிழை விட்டுவிட்டு வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், இரண்டு மொழி இவனுக்குப் பாரம் என்று எங்களுக்கும் அறிவுரை கிடைத்தது. கனடாவில் எலிசபெத் கே-ரெய்னிங் பர்டும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், டவுன் சிண்ட்ரோம் உள்ள இருமொழிக் குழந்தைகள் ஆங்கிலத்தில், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருமொழிக் குழந்தைகளைவிடப் பின்தங்கவில்லை. நாங்கள் தமிழை விடவில்லை. விட்டிருந்தால் அவனுக்குத் தாத்தாவும் இல்லை, காக்காவும் இல்லை.

3 டிசம்பர் 2023

அல்ட்ராசவுண்ட் பற்றி. தாடைக்கு அடியில் கருவியை வைத்து நாக்கின் பக்கவாட்டு வடிவத்தைத் திரையில் பார்க்கும் முறை இப்போது ஸ்காட்லாந்தில் அதிகமாகப் பேசப்படுகிறது. அச்சு வேண்டாம், தகடு வேண்டாம், பல் விழுந்தாலும் கவலை இல்லை. ஒரே கருவியைப் பல குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாம். அடிநாக்கு எழுவது நன்றாகத் தெரியும், ஆகவே ‘க’வுக்குப் பொருத்தமானது. இரண்டு குறைகளை நேரில் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் அலையும் ஒரு வளைகோட்டை நாக்கு என்று புரிந்துகொள்ள என் மகனுக்கு நேரம் பிடித்தது, கட்டம் நிரம்புவது அவனுக்கு எளிதாக இருந்தது. அடுத்து, நுனிநாவுக்கு அடியில் காற்று இருந்தால் நுனி படத்தில் மறைந்துபோகும். ‘ழ’வுக்கும் ‘ட’வுக்கும் நுனியை மடிக்கும் நமக்கு இது சிறிய குறை அல்ல.

உங்கள் ஐந்து வயது மகளுக்கு எதைத் தேர்வீர்கள் என்று என்னைக் கேட்டால், இன்று தகட்டைத் தேரமாட்டேன். முதலில் காதைச் சோதித்துப் பாருங்கள், நடுச்செவியில் நீர் இருந்தால் அதைக் கவனியுங்கள். கைச்சைகைகளைச் சொல்லோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள், அவை பேச்சைத் தடுக்காது, அவள் சொல்ல வருவது இன்றே பிறருக்குப் புரியும். தகட்டை ஏழெட்டு வயதில் நினைத்துப் பார்க்கலாம்.

14 ஜனவரி 2024

பயன் உண்டா என்பதை நீங்களே எப்படி அளந்தீர்கள் என்ற கேள்விக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம், என் அளவு முறையே தவறாக இருந்தது.

அவன் என்ன சொன்னாலும் எங்களுக்குப் புரியும், ஆகவே நாங்கள் நடுவராக இருக்க முடியாது. லிபி கூமின் 1994இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 937 பெற்றோரில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், தங்கள் பிள்ளையின் பேச்சு வெளியாருக்கு அடிக்கடியோ சில நேரமோ புரிவதில்லை என்றார்கள். சிக்கல் வெளியாரிடம் உள்ளதால் அளவும் அவர்களிடம்தான் எடுக்கவேண்டும். அதனால் 20 தமிழ்ச் சொற்களை எழுதி, சிகிச்சைக்கு முன்பு மகனைத் தொலைபேசியில் என் அப்பாவிடம் சொல்லச் செய்து, அவர் கேட்டதை எழுதிக்கொள்ளச் சொன்னேன். முதலில் ஏழு சரி. சிகிச்சைக்குப் பின் அதே பட்டியலுக்குப் பதினாறு சரி. மகிழ்ச்சியோடு எல்லோருக்கும் சொன்னேன்.

பிறகுதான் அப்பா ஒருநாள், ‘பட்டியலில் பன்னிரண்டாவது கிளிதானே’ என்று கேட்டார். முதல் முறை முடிந்ததும் நான் விடைகளைச் சொல்லியிருக்கிறேன், அவருக்குப் பட்டியல் மனப்பாடமாகிவிட்டது. ஆகவே அந்தப் பதினாறை நான் இப்போது நம்புவதில்லை. டிசம்பரில் புதிய சொற்களைப் பதிவு செய்து, சிகிச்சைக்கு முன்பு எடுத்த பழைய ஒலிப்பதிவுகளோடு கலந்து, அவனை அறியாத ஒரு தமிழ்த் தோழியிடம் கொடுத்தேன். பழைய பதிவுகளில் இருபதுக்கு ஆறு, புதிய பதிவுகளில் இருபதுக்குப் பதினொன்று சரி. ‘க’ சொல்லின் தொடக்கத்தில் பெரும்பாலும் வருகிறது, நடுவில் பாதி வருகிறது. வேகமாகப் பேசும்போதும் களைத்திருக்கும்போதும் பழைய ‘த’வே வருகிறது. இதுதான் எங்கள் உண்மையான கணக்கு. வீட்டில் அளந்து பார்க்க நினைப்பவர்கள் பட்டியலைக் கேட்பவரிடம் காட்டாதீர்கள்.

4 பிப்ரவரி 2024

போன செப்டம்பரில் எழுதிய குறிப்புகளை மீண்டும் படித்தேன். கருவி அவனுக்குக் கற்றுக்கொடுத்ததைப் பற்றியே நிறைய எழுதியிருக்கிறேன். எனக்குக் காட்டியதுதான் முதலில் நிகழ்ந்தது. முதல் நாளின் அந்த ஒரு பதிவோடு தகட்டைத் திருப்பி வாங்கியிருந்தாலும், அவனைத் திட்டுவது அன்றோடு நின்றிருக்கும். சோதனைகளில் இதை அளக்கும் மதிப்பெண் இல்லை. சிகிச்சைக்கு வாய்ப்பு இல்லாத இடத்தில், ஒரேயொரு முறை பதிவு எடுத்துப் பெற்றோருக்குக் காட்டும் வசதியாவது கிடைத்தால் அது பெரிய உதவி என்று எனக்குப் படுகிறது. ஆய்வாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன், தகடு செய்யும் உழைப்புக்கு ஒரு பதிவு மட்டும் என்பது கட்டுப்படியாகாது, அல்ட்ராசவுண்டில் அது முடியும் என்றார். அதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

25 பிப்ரவரி 2024

கேட்டிருந்தீர்கள், ஆடிய கடைவாய்ப்பல் விழுந்துவிட்டது. தகடு இனி நிற்காது. விளக்குப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், தகடு மட்டும் அவனுடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது. திரை இல்லாமல் ‘க’ நிற்குமா என்று ஒவ்வொரு நாளும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு சொல்லுக்கு முன்னால் நின்று, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் காற்றில் கீழ்வரிசையைக் கோடிட்டுக் காட்டினான். பிறகு ‘கிண்ணம்’ என்றான். அவன் இப்போது எங்கே பார்த்து அந்தக் கோட்டைப் போட்டான் என்று சிகிச்சையாளரிடம் அடுத்த வாரம் கேட்கவேண்டும்.